மூடிய பண்ணையை மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மா ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் விளையாட்டைப் பல வருடங்கள் ஆடினார். அது மூடப்பட்டபோது விளையாட்டுக்குள் செலவழிக்கக் காசு கொடுத்து வாங்கிய ஃபார்ம் கேஷ் அவர் கணக்கில் மீதம் இருந்தது. சில நாட்களுக்கு முன் ஒருவர் மெசஞ்சரில் வந்து, பழைய பண்ணையை அப்படியே மீட்டுத் தருவதாகவும், மீதமிருந்த கேஷைப் புதிய விளையாட்டுக்கு மாற்றித் தருவதாகவும் சொல்கிறார். முன்பணமும் ஃபேஸ்புக் கடவுச்சொல்லும் கேட்கிறார். அம்மா எந்த லெவலில் இருந்தார், யார் யார் அவருக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் (அதே விளையாட்டை ஆடிய ஃபேஸ்புக் நண்பர்கள்) என்பதையெல்லாம் சரியாகச் சொல்வதால் அம்மா நம்பிவிட்டார். கொடுக்கலாமா? மீதப் பணம் சட்டப்படி திரும்பக் கிடைக்குமா? அம்மா இப்போது கைப்பேசியில் வேறொரு பண்ணை விளையாட்டு ஆடுகிறார். என் எட்டு வயது மகனும் அதே கைப்பேசியில் ஆடுகிறான். அதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அந்த மனிதரால் உங்கள் அம்மாவின் பண்ணையை மீட்க முடியாது. அவரால் மட்டுமல்ல, வெளியாள் எவராலும் முடியாது.

காரணம் எளிமையானது. அம்மாவின் பண்ணை ஒருநாளும் அம்மாவின் கணினியில் இருந்ததில்லை. எந்தக் கட்டத்தில் ஸ்ட்ராபெரி, எங்கே மாட்டுக்கொட்டில், கையிருப்பு எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் விளையாட்டை நடத்திய ஜிங்கா நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தது. ஃபேஸ்புக் பக்கத்தில் தெரிந்தது அந்தக் கணக்கின் படம் மட்டுமே. அந்தப் படத்தை வரைந்து காட்டியது ஃப்ளாஷ் என்ற மென்பொருள். 2020 இறுதியோடு ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிடுவோம் என்று அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. 2009 ஜூனில் தொடங்கிய ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதற்குள் பணம் கட்டும் வசதியை நவம்பர் 17-ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். மெசஞ்சரில் வந்திருக்கும் மனிதருக்கு அந்தச் சர்வர்களுக்குள் நுழைய வழி கிடையாது. உண்மையிலேயே வழி இருந்தால் அவர் செய்வது குற்றம். அப்போதும் அம்மா விலகி நிற்பதே நல்லது.

அடுத்ததாக அவர் ஒரு ஃபைலை அனுப்பி, "இந்த ஃப்ளாஷ் பிளேயரை நிறுவுங்கள், பண்ணை திறந்துவிடும்" என்று சொல்லக்கூடும். 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் எதையும் ஓட்டாதபடி அடோபியே தடுத்துவிட்டது. கணினியிலிருந்து அதை நீக்கிவிடச் சொன்னதும் அடோபிதான். இன்று தெரியாத ஒருவர் அந்தப் பெயரில் அனுப்பும் ஃபைல், கணினியில் உள்ள தகவல்களைத் திருட வந்தது என்றே கொள்ளுங்கள். பழைய விளையாட்டுகளைத் தாங்களே மறுபடி கட்டி ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று ஓடினாலும் அதில் கிடைப்பது வெறும் நிலம்தான். அம்மா வருடக்கணக்கில் அடுக்கி அழகுபடுத்திய நிலம் அதில் வராது.

அப்படியானால் அந்த மனிதருக்கு லெவலும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் எப்படித் தெரிந்தது? அம்மா நம்பியது இந்த இடத்தில்தான். எனவே இதை அவரிடம் பொறுமையாக விளக்குங்கள். ஃபார்ம்வில் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ளும் விளையாட்டு. லெவல் ஏறினால் ஒரு பதிவு, ரிப்பன் கிடைத்தால் ஒரு பதிவு, வழிதவறிய பழுப்பு மாடு பண்ணைக்கு வந்து நின்றால் "யாராவது இதற்கு இடம் கொடுங்களேன்" என்று ஒரு பதிவு. ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அத்தனையும் நண்பர்களின் பக்கத்தில் போய் விழும். ஒரு காலத்தில் ஃபேஸ்புக்கே இந்த அறிவிப்புகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டிய அளவுக்கு அவை குவிந்தன. அந்தப் பழைய பதிவுகளை யாரும் அழித்திருக்கமாட்டார்கள். அம்மாவின் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் எல்லாம் அங்கேயே இருக்கும். அவர் படித்தது அதைத்தான்.

படிக்க அவருக்கு வழிவிட்டதும் இந்த விளையாட்டுதான். நிலத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் இத்தனை பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேண்டும், இல்லையென்றால் ஃபார்ம் கேஷ் செலவழிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சொந்தபந்தத்திலும் அலுவலகத்திலும் அவ்வளவு பேர் கிடைக்காதவர்கள் முன்பின் தெரியாதவர்களை நண்பர்களாகச் சேர்த்தார்கள். 2010 மார்ச்சில் மாதத்துக்கு 8 கோடிக்கும் மேற்பட்டோர் ஆடிய விளையாட்டு அது. ஆள் சேர்ப்பது சிரமமாகவே இல்லை. விளையாட்டு போய்விட்டது, அந்த அந்நியர்கள் மட்டும் நண்பர்கள் பட்டியலில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் வந்திருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர்களில் ஒருவருடைய கணக்கைத் திருடியவராகவும் இருக்கலாம். என்னிடம் வரும் இத்தகைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்தப் பழைய நண்பர்கள் பட்டியல்தான். எனவே முதல் வேலையாக அம்மாவோடு உட்கார்ந்து, நேரில் அறியாத ஒவ்வொருவரையும் நீக்குங்கள். அலுப்பான வேலைதான், செய்தே ஆக வேண்டும்.

"இன்று இரவுக்குள் அனுப்பாவிட்டால் பண்ணை அழிந்துவிடும்" என்று அவர் கெடு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைத்திருப்பார். ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெரி நான்கு மணி நேரத்தில் விளையும். நேரத்துக்கு வந்து பறிக்காவிட்டால் வாடிப்போகும். அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்தவர்கள் உண்டு. அப்படிப் பழகிய மனத்திடம் கெடு சொன்னால் கை தானாகப் பணத்தை அனுப்பிவிடும் என்று இந்த இடைத்தரகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கூட்டம் நேற்று முளைத்தது அல்ல. 2009-இலேயே இதே விளையாட்டுகளுக்குள் "இலவச கேஷ்" என்ற பெயரில் சலுகைகள் வந்தன. சின்ன வினாடி வினா ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். விடையைத் தெரிந்துகொள்ளக் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். எண்ணைக் கொடுத்து, வரும் ரகசிய எண்ணையும் பதிந்தால், மாதாமாதம் பணம் பிடிக்கும் சந்தா ஒன்றில் ஆள் சேர்ந்துவிடுவார். பில் வரும்வரை அது அவருக்கே தெரியாது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் அமெரிக்கத் தொழில்நுட்ப ஊடகம் ஒன்று இதை அம்பலப்படுத்திய பிறகே அந்தச் சலுகைகளை நீக்கத் தொடங்கினார்கள். தொடக்க நாட்களில் வருமானத்துக்காகச் செய்யத்தகாத காரியங்களையெல்லாம் செய்ததாக ஜிங்காவின் நிறுவனர் மார்க் பின்கஸே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். பெரிய நிறுவனமே அந்த நிலையில் இருந்தபோது, மெசஞ்சரில் பெயர் தெரியாமல் வருபவரிடம் நேர்மையை எப்படி எதிர்பார்ப்பது?

எனவே இன்றைய விளையாட்டிலும் பாதி விலைக்கு காயின் விற்பவர், "உங்கள் கணக்குக்குள் நுழைந்து லெவல் ஏற்றித் தருகிறேன்" என்பவர், பழைய கணக்கை விலைக்கு வாங்குபவர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வையுங்கள். பாதி விலை காயின் பெரும்பாலும் திருட்டு கார்டில் வாங்கியது. கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் காயினைப் பறித்துவிடுவார்கள், கணக்கையும் முடக்குவார்கள். விற்றவர் அதற்குள் மறைந்திருப்பார். தண்டனை, காயினை வாங்கியவருக்கு.

இனி, மீதமிருந்த ஃபார்ம் கேஷ். திரும்பக் கிடைக்காது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கினாலும் அந்த கேஷ் உங்கள் சொத்து அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, அதையும் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று இவ்வகை விளையாட்டுகளின் விதிமுறைகள் எழுதி வைத்திருக்கின்றன. "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அம்மா அழுத்தியிருப்பார். அழுத்தாமல் ஆட முடியாது. யாரும் படிக்க முடியாத நீளத்தில் எழுதிவிட்டு, படித்து ஏற்றுக்கொண்டதாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தை எந்த நாட்டுச் சட்டமும் இன்னும் சரியாகக் கேள்வி கேட்கவில்லை என்பதே என் கருத்து.

புகார் செய்து பார்க்கலாமே என்பீர்கள். விளையாட்டு நிறுவனம், பணம் கட்டியது சமூக வலைத்தளத்தில்தானே, அங்கே கேளுங்கள் என்று அனுப்பும். வலைத்தளம், பொருளை விற்றது விளையாட்டு நிறுவனம் என்று திருப்பி அனுப்பும். கார்டு கொடுத்த வங்கி, நீங்களே ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை என்று கதவை மூடும். 2011 ஜூலை முதல் தன் தளத்தில் ஆடும் விளையாட்டுகளின் வருமானத்தில் 30 சதவீதத்தை ஃபேஸ்புக் எடுத்துக்கொண்டது. வருமானத்தைப் பங்கு போட இருவருக்கும் தெரிந்திருக்கிறது. புகார் வந்தால் மட்டும் பொறுப்பு யாருடையது என்று தெரிவதில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஆள் பார்க்காமல் வரும் ஆயத்தப் பதில் ஒன்று வரும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழைய தொகைக்காக அலைவதில் பயனில்லை. விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன். அது உங்கள் மகனைப் பற்றியது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கார்டின் உரிமையாளர் ஒப்புதல் தராமல் ஒரு குழந்தை வாங்கியிருந்தால் நிலைமை மாறுகிறது.

முதலில் இதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2010-இல் பிரிட்டனில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் சேமிப்பையும் தாயின் கிரெடிட் கார்டையும் ஃபார்ம்வில்லில் கரைத்தான். மொத்தம் 900 பவுண்டுக்கு மேல். அதே வீட்டில் வசிப்பவன் செய்த செலவு என்று பணத்தைத் திருப்பித்தர மறுத்தார்கள். கார்டு நிறுவனமோ, மகன் மீது போலீஸில் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றது. எந்தத் தாய் கொடுப்பாள்? பிறகு காற்று மெல்ல மாறியது. ஒருமுறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காமலே எதையும் வாங்கலாம் என்று ஆப்பிள் கைப்பேசிகளில் இருந்ததையும், அது பெற்றோருக்குச் சொல்லப்படாததையும் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் கையில் எடுத்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரையும், அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரையும் பெற்றோருக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டன. இன்று இரண்டு நிறுவனங்களின் ஆப் ஸ்டோரிலும் பணத்தைத் திரும்பக் கேட்கத் தனி வழி இருக்கிறது.

அந்த வழி பலிக்க நீங்கள் வேகமாக இருக்க வேண்டும். வாங்கியது தெரிந்த அன்றே கேளுங்கள். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பணத்தைப் பிடித்த ஆப் ஸ்டோரிடம் கேளுங்கள். "குழந்தை எங்கள் ஒப்புதல் இல்லாமல் வாங்கியது" என்று தெளிவாக எழுதுங்கள். "தவறுதலாக நடந்துவிட்டது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிராகரிக்க அவர்களுக்கு அது போதும். குழந்தை வாங்கிய பொருளை அதற்குள் பயன்படுத்த விடாதீர்கள். முதல் பதில் மறுப்பாக வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மறுப்போடு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் இதே காரணத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொன்னால் எடுபடாது. முதல் முறை நடந்த பிறகாவது பூட்டுப் போட்டிருக்க வேண்டாமா என்று கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எனவே இன்றே ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள். கைரேகை வேண்டாம், பாட்டி தூங்கும்போது பேரன் அவர் விரலை எடுத்து வைத்துவிட முடியும். அந்தக் கைப்பேசியில் சேமித்து வைத்த கார்டை நீக்கிவிடுவது இன்னும் நல்லது.

அம்மாவின் ஃபேஸ்புக் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் வையுங்கள், கடவுச்சொல்லோடு ஒரு ரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இணைத்த செயலிகள் பகுதிக்குப் போய், ஆடாத விளையாட்டுகளின் அனுமதியை ரத்து செய்யுங்கள். 2019 செப்டம்பரில் ஜிங்காவின் வேறு சில விளையாட்டுகள் வழியாகச் சுமார் 17 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடு போயின. அம்மா ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய பண்ணையைப் பார்க்க அவர் ஆசைப்பட்டால் ஃபேஸ்புக் அமைப்புகளில் தன் தகவல்களைத் தானே பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அம்மா ஏற்றிய படங்களும் பதிவுகளும் அதில் வரும். கட்டணம் இல்லை, தரகரும் தேவையில்லை.

அம்மாவிடம் ஒன்றைக் கோபப்படாமல் கேளுங்கள்: அம்மா ஏற்கெனவே ஏதாவது அனுப்பிவிட்டாரா? நீங்கள் கேள்வி எழுதி அனுப்புவதற்குள் பல வீடுகளில் பணம் போயிருக்கும், வெட்கத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள். போயிருந்தால் அந்த மனிதரோடு பேச்சு வேண்டாம். உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வங்கியை இன்றே அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், போலீஸிலும் எழுதிக் கொடுங்கள். பிறகு சில வாரங்களில் வேறொருவர் வருவார்: "நீங்கள் ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம் மட்டும்." ஏமாந்தவர்களின் பெயர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். முதலில் ஏமாற்றிய அதே ஆள் வேறு பெயரில் வருவதும் உண்டு. அவருக்குப் பதில் அனுப்பாமலே தடை செய்துவிடுங்கள்.