கப்பல்காரர் பதில்கள்: ஐந்துக்கு நாலு பாத்ரூம்

கேள்வி: ஐயா, எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முன்னறையில் தறி. பின்கட்டில் ஐந்துக்கு நாலடியில் ஒரே பாத்ரூம், டாய்லெட்டும் அதற்குள்தான். மூலையில் தண்ணீர் தேங்குகிறது, சுவரெல்லாம் ஓதம். மாமியாருக்கு 74 வயது. வேறு வீடு பார்த்துப் போக வசதியில்லை. குடியிருந்துகொண்டே இடித்துக் கட்ட முடியுமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாக முடியும். நான் 22 வருடம் சரக்குக் கப்பலில் பிட்டர். சேலத்துக்காரனுக்குக் கடலில் என்னடா வேலை என்று என் அப்பாவே கேட்டார். கப்பலில் எனக்குக் கிடைத்த பாத்ரூம் உங்களுடையதைவிடச் சின்னது. நடுக்கடலில் அது பழுதானால் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது? ஒரு பக்கம் பிரித்துப் போட்டுக்கொண்டே மறுபக்கம் குளித்திருக்கிறோம்.

முதலில் தறியைப் பாருங்கள் அம்மா. பாவு (நெய்ய நீளவாக்கில் ஏற்றும் நூல்) ஏறியிருந்தால் அது முடிந்து இறங்கும்வரை கொத்தனாரைக் கூப்பிடவே கூடாது. அதுவும் வெண்பட்டு என்றால், சிமெண்ட் தூசி படிந்த வேட்டியை யார் வாங்குவார்கள்? இடிக்கிற அன்று முன்னறைக் கதவிடுக்கில் ஈரச் சாக்கைச் செருகி வையுங்கள்.

குளிக்க, துணி துவைக்கிற கல் பக்கம் நாலு குச்சி நட்டுத் தார்ப்பாய் கட்டினால் போதும். டாய்லெட்தான் சிக்கல். அதைக் கடைசிவரை கழற்ற விடாதீர்கள். சுவர்ப் பூச்சு, குழாய், கரண்டு வேலையெல்லாம் பீங்கான் இருக்கும்போதே முடியட்டும். அதைப் பெயர்த்தெடுத்துத் தரை போடும் அந்த ஒரு வாரம் மட்டும் மாமியாரை உறவினர் வீட்டில் விடுங்கள். நீங்கள் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தரையில்தான் காசைக் கொட்ட வேண்டும். வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்க வேண்டும். கொத்தனார் கண்ணளவில் சரி என்பார், ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். பெரிய டைல்ஸில் வாட்டம் பிடிக்காது. ஓரடிக்கு ஓரடி, சொரசொரப்பானது வாங்குங்கள். டைல்ஸுக்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கரியால் ஒரு கோடு போட்டு வைத்தால் மட்டம் சட்டென இறங்குவது தெரிந்துவிடும். இந்த இரண்டு நாளைச் சாப்பிடத்தான் கொத்தனார் பார்ப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கப்பலில் பாத்ரூம் வாசலில் நாலு விரல் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க. உங்களுக்கு அது வேண்டாம், மாமியார் தடுக்கி விழுவார். பாத்ரூம் தரையையே ஓரங்குலம் தாழ்த்தி, விளிம்பைச் சரித்து விடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். இடமும் மிச்சம், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் கதவைத் திறக்கலாம். கைப்பிடிக் கம்பியைப் பூச்சில் மட்டும் மாட்டாமல் செங்கல்வரை துளைத்து மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். கப்பலில் எல்லாக் குழாயும் திருகு கழற்றினால் திறக்கிற பலகைக்குப் பின்னால்தான் ஓடும். இதெல்லாம் தெரிந்த நானே ஓய்வு பெற்று வந்து, அழகாக இருக்கட்டும் என்று சொந்த வீட்டில் புதைத்தேன். ஆறாம் மாதம் கசிவு. உடைத்த டைல்ஸுக்கு ஜோடி தேடிச் சேலம் முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. இன்றும் நாலு டைல்ஸ் மட்டும் பச்சை. பேத்தி அதைத்தான் விருந்தாளிகளுக்கு முதலில் காட்டுகிறாள்.

கேள்வி: பாத்ரூம் கூரையிலிருந்து காலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மழையும் இல்லை, மேலே தொட்டியும் இல்லை. எங்கிருந்து ஒழுகுகிறது?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஒழுகவே இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்து கிடக்கும் கான்கிரீட்டில் உங்கள் வெந்நீர் ஆவி பட்டு நீராகிறது. கப்பலின் இரும்புச் சுவரும் இப்படித்தான் வேர்க்கும். கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் பேன் மாட்டிக் குளிக்கும்போதும், குளித்து முடித்த பின் கால் மணி நேரமும் ஓட விடுங்கள். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். காற்று உள்ளே வராமல் பேன் எதை வெளியே தள்ளும்? கீசர் லைனுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், பேனுக்கு முன்பே அதை வாங்குங்கள். சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதைச் சுரண்டிக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். பனிமூட்ட நாளில் பெயின்டரை வரச் சொல்லாதீர்கள்.