அம்மா உயில் எழுதிவிட்டார், மறதியும் தொடங்கியிருக்கிறது. இனி நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

உண்டு. அதையும் தள்ளிப்போடாமல் இப்போதே செய்ய வேண்டும். உங்கள் தாயாருக்கு 76 வயது என்றும், உயில் பதிவாகிவிட்டது என்றும், மறதி இப்போதுதான் தலைகாட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உயில் அதை எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும். அவர் உயிரோடு இருந்து, தாமே முடிவெடுக்க இயலாமல் போகும் ஆண்டுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. குடும்பங்கள் மிகவும் திண்டாடுவது அந்த ஆண்டுகளில்தான்.

என் தந்தை பக்கவாதத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் பேச்சும் தெளிவும் இன்றிப் படுத்திருந்தார். உயில் ஒழுங்காக இருந்தது. அவர் சார்பில் நான் செயல்பட அதிகாரம் தந்து, என் பெயருக்கு அவர் எழுதித் தந்த பவர் பத்திரமும் கையில் இருந்தது. சிகிச்சைச் செலவுக்காக வங்கிக்குப் போனபோது, கணக்கு வைத்திருப்பவர் சுயநினைவோடு இல்லாத நிலையில் அந்தப் பத்திரம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று எனக்கு வந்தது கோபம்தான். ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது: முகவருக்கு, அதாவது பவர் பெற்றவருக்கு, உள்ள அதிகாரம், அதைக் கொடுத்தவரின் அதிகாரத்திலிருந்தே பிறக்கிறது. கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு கூறுகிறது. எந்த நாளுக்காக அந்தப் பத்திரத்தை வாங்கி வைத்தோமோ, அந்த நாளில் அது வெறும் தாளாகிவிட்டது. நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலராக நியமனம் பெற்ற பிறகே அவருடைய பணத்தை அவருக்காக எடுக்க முடிந்தது.

இந்தக் குறையைச் சில நாடுகள் சட்டம் இயற்றியே தீர்த்திருக்கின்றன. மனத்தெளிவு போன பின்னும் நிலைத்திருக்கும் அதிகாரப் பத்திரம் இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்து, 2007 முதல் மருத்துவ முடிவுகளையும் உள்ளடக்கும் வகையில் விரிவடைந்தது. சிங்கப்பூரில் 2010 முதல் உள்ளது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இத்தகைய பத்திரம் உங்கள் நாட்டில் இருக்குமானால் முதல் வேலையாக அதை எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், தெளிவு இருக்கும்போதே சொத்தின் ஒரு பகுதியையாவது தனியார் அறக்கட்டளையாக (தம் நலனுக்காகச் சொத்தை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் ‘டிரஸ்ட்’ ஏற்பாடாக) மாற்றி, பொறுப்பாளரை நியமிப்பது குறித்து வழக்கறிஞரிடம் கேட்கலாம். அங்கே சொத்து பொறுப்பாளரின் பெயரில் இருப்பதால், சொத்தை ஒப்படைத்தவரின் மனநிலை மாறினாலும் நிர்வாகம் தடைபடுவதில்லை.

மறதி வந்துவிட்டதே, இனி அம்மாவின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா என்ற அச்சம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நோயின் பெயர் மட்டுமே ஒருவரின் உரிமையைப் பறித்துவிடாது. 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கில், மனப்பிரமைகளால் துன்புற்ற ஒருவரின் உயில் செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. தாம் செய்வது என்ன, தம்மிடம் உள்ள சொத்து எவ்வளவு, யாருக்கெல்லாம் தம்மீது உரிமை உண்டு என்பவற்றை அறிந்திருக்கிறாரா, அவருடைய பிரமை அந்த முடிவைத் திரித்துவிட்டதா என்பதே கேள்வி. எனவே அவர் தெளிவாக இருக்கும் வேளையில், அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றோடு கையெழுத்து நடக்கட்டும். அப்போது பிள்ளைகள் யாரும் அறையில் இருக்க வேண்டாம். வழக்கறிஞர் அவரிடம் தனியே பேசட்டும். நாளை ஒரு வழக்கு வந்தால், பிள்ளைகளின் வற்புறுத்தலால் எழுதினார் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

வங்கி, காப்பீட்டு நியமனங்களையும் (நாமினி பெயர்களையும்) உயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய நியமனத்தில் இறந்துபோனவர் பெயர் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எஞ்சியிருப்பது மருத்துவ விருப்ப ஆவணம். மீள வழியற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழில் பதிவு பெற்ற அரசு அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. ஆவணத்துக்கு முன் அம்மாவிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதை உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். என் தந்தையிடம் நாங்கள் அப்படிப் பேசியதே இல்லை. குழாய் வழியே உணவூட்டலாமா என்று மருத்துவர் கேட்ட நாளில், பிள்ளைகள் மூவரும் மூன்று விதமான பதில் சொன்னோம். அவர் விழித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.