கீழாநெல்லிக்குப் புதுப் பெயர்: சான்றிதழ் வாங்கித் தரும் தரகருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் கீழாநெல்லி பயிரிடுகிறேன். வழக்கமாக வாங்கும் தரகர், "உங்கள் சரக்கு பில்லாந்தஸ் நிரூரி. கம்பெனிகள் கேட்பது பில்லாந்தஸ் அமாரஸ். இப்போது அந்தப் பெயரும் மாறிவிட்டது. மரபணுச் சான்றிதழ் இல்லாவிட்டால் பாதி விலைதான். பணம் தந்தால் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பணம் கொடுக்காதீர்கள், அம்மா. அவர் சொன்ன இரண்டு பெயர்களையும் வைத்து உங்கள் விலையைக் குறைக்க எந்த நியாயமும் இல்லை.

நிரூரி என்பது 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய பெயர். அது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு உரியது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கர் எழுதிய இந்தியத் தாவர நூல் நம் செடியையும் அந்தப் பெயரிலேயே சேர்த்துவிட்டது. பாடநூல்களும் மருந்துப் பெட்டிகளும் அதைப் பின்பற்றின. 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டினார். தமிழ்நாட்டு வயல்களில் வளரும் கீழாநெல்லி அமாரஸ்தான். பில்லில் நிரூரி என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அதே செடிக்குத் தவறான பெயர் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பிழையைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. அதன் சுமை உங்களைப் போன்ற விவசாயிகள் தலையில் விழுகிறது.

அடுத்தது புதிய பெயர். மரபணு ஆய்வுகள் பில்லாந்தஸ் என்ற பெரிய கூட்டத்துக்குள் தவசிக்கீரை போன்ற, வேறு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) என்று கருதிவந்த செடிகளும் கலந்திருப்பதைக் காட்டின. ஒன்று, அவற்றையும் பில்லாந்தஸோடு சேர்க்க வேண்டும். அல்லது பில்லாந்தஸைப் பல பேரினங்களாகப் பிரிக்க வேண்டும். 2022இல் ஒரு குழு பிரிக்கும் வழியைத் தேர்ந்தது. நெல்லி மரத்துக்கு எம்பிளிகா என்ற பழைய பேரினப் பெயர் திரும்பியது. கீழாநெல்லியும் வேறு பேரினத்துக்குச் சென்றது. இது உறவுமுறை பற்றிய ஆய்வு முடிவு. உங்கள் வயலில் இருக்கும் செடியோ அதன் குணமோ மாறவில்லை. பில்லாந்தஸ் அமாரஸ் என்று தொடர்ந்து எழுதுவதில் தவறும் இல்லை. இதைக் காட்டி விலையைக் குறைப்பவர் உங்கள் அச்சத்தை விற்றுப் பிழைக்கிறார்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கலப்படத்தைப் பற்றி. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லி மாதிரிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேறு இனங்களாக இருந்தன. அறுவடைக்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸுடன் வரப்பில் நடந்து பாருங்கள். அமாரஸின் பூவில் ஐந்து இதழ்கள் இருக்கும். காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கும். காம்பே இல்லாமல் சொரசொரப்பான காய் ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலை வந்தால் மேலாநெல்லி. இரண்டையும் பிடுங்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு சிக்கல் உண்மையானது. அதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். அரசின் ஆயுர்வேத மருந்துத் தரநூலின் முதல் தொகுதி, தாமலகீ (கீழாநெல்லிக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர்) என்ற தலைப்பில் பில்லாந்தஸ் ஃப்ரேட்டர்னஸ் என்ற இனத்தைக் குறிப்பிடுகிறது. 1955இல் வெப்ஸ்டர் பெயரிட்ட இனம் அது. தோற்றத்தில் அமாரஸைப் போலவே இருக்கும். ஆனால் பூவில் ஆறு இதழ்கள். ஆயுர்வேத நிறுவனம் ஒன்று அந்த நூலைக் காட்டி ஃப்ரேட்டர்னஸ்தான் வேண்டும் என்று ஆர்டரில் எழுதிக் கேட்டால், உங்கள் அமாரஸை அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. அப்போது அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள். வேறு பெயர் போட்டு அனுப்பாதீர்கள். ஆர்டரில் கீழாநெல்லி என்று மட்டும் இருந்தால், எந்த இனம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி லாரியில் ஏற்ற வேண்டாம். ஒரே மூலிகைக்கு நூலுக்கு நூல் வேறு இனத்தைப் போட்டுவிட்டு, அதைப் பொருத்திப் பார்க்கும் வேலையை விவசாயியிடம் விடுவது அநியாயம்.

தரகர் வாங்கித் தருவதாகச் சொல்லும் மரபணுச் சான்றிதழுக்கு வருகிறேன். ஆய்வகம் தன் கையில் கொடுத்த துண்டை மட்டுமே சோதிக்கும். அந்தத் துண்டு உங்கள் வயலிலிருந்து வந்ததா, தரகரின் பையிலிருந்து வந்ததா என்று காகிதத்தில் இருக்காது. நல்ல செடி ஒன்றைக் கொடுத்து வாங்கிய சான்றிதழைப் பத்துப் பேரின் மூட்டைகளில் ஒட்டுகிறவர்கள் உண்டு. நாளை சரக்கில் குறை வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

இதைவிட உறுதியான வழி இருக்கிறது. வேர், பூ, காய் மூன்றும் உள்ள முழுச் செடிகள் சிலவற்றை வயலின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுங்கள். செய்தித்தாளுக்குள் வைத்துக் கனம் ஏற்றி அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். ஊர், தேதி, உங்கள் பெயர் எழுதிய சீட்டை ஒவ்வொன்றிலும் வையுங்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தெற்கு மையம் இருக்கிறது. திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் (உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) இருக்கிறது. இனம் கண்டறிந்து தருவார்களா, கட்டணம் என்ன என்று முதலில் கேட்டுவிட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு மாதிரியை அங்கேயே பாதுகாக்கச் சொல்லி, அதன் பதிவு எண்ணைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அடுத்த கொள்முதலின்போது அந்த எண்ணையும் பில்லாந்தஸ் அமாரஸ் என்ற பெயரையும் பில்லில் குறிப்பிட்டு, கடிதத்தின் நகலைத் தரகரிடம் மட்டும் கொடுக்காமல் கம்பெனிக்கும் நேரடியாக அனுப்பிவிடுங்கள்.