ரெண்டாவது தவணை ஏன் வரல?

கேள்வி: கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இருந்த என்னை ரிசர்ச் டீனா போட்டுட்டாங்க சார். ப்ராஜெக்ட் வச்சிருக்கிறவங்க எல்லாம் ஆராய்ச்சி கிராண்ட்டோட ரெண்டாவது தவணை வரலன்னு என் ரூம்ல வந்து நிக்கிறாங்க. எங்கேருந்து ஆரம்பிக்க? - வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல்ல யூசி ஃபைலை எடுங்கம்மா. யூசின்னா யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட், வந்த பணத்தை எப்படிச் செலவு பண்ணோம்னு காட்டற சான்று. அது போகலன்னா மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டியோ, முன்னாடி ஆராய்ச்சிக்கு நிதி குடுத்த செர்ப் வாரியத்தை சேத்துக்கிட்டு 2023 சட்டப்படி வந்த அனுசந்தான் பவுண்டேஷனோ, யாரும் அடுத்த தவணையை விடமாட்டாங்க. மத்திய அரசோட பொது நிதி விதிகளான ஜிஎஃப்ஆர் 2017ல 12-ஏ ஃபார்ம் அதுக்குத்தான் இருக்கு, மார்ச் 31 கணக்கு முடிஞ்சதும் போட வேண்டியதை நம்ம ஆளுங்க டிசம்பர் வரைக்கும் இழுப்பாங்க, பேராசிரியர் பில்லைக் குடுத்தாச்சும்பாரு, ஃபைனான்ஸ்ல வரவே இல்லம்பாங்க, நடுவுல ஃபைல் யார் மேஜைல தூங்குதுன்னு யாருக்குமே தெரியாது. அதனால ஏப்ரல் முதல் வாரமே ஃபைனான்ஸ் ஆபீசரையும் பேராசிரியர்களையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டா வரவு செலவை டேலி பண்ணிடுங்க. கிராண்ட்டுக்கு வந்த வட்டியையும் மறக்காம காட்டணும், அது நம்ம காசு இல்ல, அரசாங்கத்துக்கே திரும்பப் போகணும்.

இதுல அடிபடறது ஸ்காலர் பசங்கதான். ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப், அதாவது ஜேஆர்எஃப் உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய்னு பேப்பர்ல இருக்கும், நாலு மாசம் வராம நின்னா வாடகைக்கு யார்கிட்ட கேப்பாங்க? அட்வான்ஸா குடுத்துட்டு அப்புறம் ஈடுகட்டற மாதிரி ப்ராஜெக்ட்ல நிர்வாகச் செலவுக்குன்னு யுனிவர்சிட்டிக்கு வர்ற ஓவர்ஹெட் பணத்துல ஒரு தொகையை ஒதுக்க முடியுமான்னு துணைவேந்தர்கிட்ட பேசிப் பாருங்க, எழுத்துல ஆர்டர் வாங்கிக்கோங்க. நான் இந்த வேலைல இருந்தப்ப முதல்ல செஞ்சிருக்க வேண்டியது இதைத்தான்.