வாசகர் கேள்வி–பதில்: வீட்டுத் திரையரங்கில் எந்த ஒலிமுறை?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: எங்கள் வீட்டுப் பட்டாசலில் 5.1 ஸ்பீக்கர்களுடன் ஏ.வி. ரிசீவர் (படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். ரிமோட்டை அழுத்தினால் ஸ்டீரியோ, டைரக்ட், டால்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ், மல்டி சேனல் ஸ்டீரியோ, ஹால், ஸ்டேடியம் என்று வரிசையாக வருகின்றன. பொருத்திக் கொடுத்தவர், “மல்டி சேனல் ஸ்டீரியோவிலேயே விட்டுவிடுங்கள், எல்லா ஸ்பீக்கரும் பாடும்” என்றார். ஆனால் படம் பார்க்கும்போது வசனம் முதுகுப் பக்கத்திலிருந்தும் வருகிறது. எதை வைத்துக்கொள்வது?

பதில்: எல்லா ஸ்பீக்கரும் ஓயாமல் பாட வேண்டும் என்பது நல்ல ஒலியின் அடையாளம் அன்று. 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூபர் ஒன்றுக்குமாக ஆறு தடங்கள் (சேனல்கள்). இந்த ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்றே வைக்கப்படுகிறது. பின் ஸ்பீக்கர்கள் மழை, கூட்டத்தின் இரைச்சல், கடந்து செல்லும் வண்டி போன்றவற்றுக்காகக் காத்திருக்கின்றன. மல்டி சேனல் ஸ்டீரியோ இந்த ஏற்பாட்டைக் கலைத்து, ஆறு தடங்களையும் இரண்டாகச் சுருக்கி, அந்த இரண்டையே அறை முழுவதும் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. வீட்டில் விசேஷம் நடந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாளுக்கு அது பொருத்தமானது. படத்துக்கு அதை வைக்காதீர்கள்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், ரிசீவருக்குள் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். ரிமோட்டில் ‘இன்ஃபோ’ அல்லது ‘ஸ்டேட்டஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே வரும் சிக்னலின் பெயரும், பல மாடல்களில் அதன் தடங்களின் எண்ணிக்கையும் தெரியும். அங்கே டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் 5.1 என்று இருந்தால், எதையும் சேர்க்காமல் அப்படியே பிரித்துத் தரும் முறையே போதும். யமஹாவில் அதன் பெயர் ‘ஸ்ட்ரெயிட்’, சோனியில் ‘ஏ.எஃப்.டி.’, டெனானில் ‘மூவி’ பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் வரும் பட்டியலில் சிக்னலின் பெயரிலேயே அது இருக்கும்.

சிக்னல் இரண்டு தடமாக மட்டும் வந்தால்தான் டால்பி சரவுண்டுக்கும் நியூரல் எக்ஸுக்கும் உங்கள் அறையில் உண்மையான வேலை. இவை இரண்டு தடங்களையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதை நடுவுக்கும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட கட்டத்தில் (ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்குவதாக) இருப்பதைப் பின்னாலும் அனுப்புகின்றன. 1987இல் வீடுகளுக்கு வந்த டால்பி புரோ லாஜிக்கின் அடிப்படையும் இதுதான். 2014இல் ஆட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) ரிசீவர்களோடு வந்த இன்றைய டால்பி சரவுண்ட் அதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது. என் காதுக்கு நியூரல் எக்ஸ் பின்பக்கம் சற்று அதிகமாகத் தள்ளுவதாகப் படுகிறது. ஆகவே பழைய படங்களுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் டால்பி சரவுண்டையே பரிந்துரைக்கிறேன்.

5.1 ஒலியுள்ள படத்தைப் போட்டும் ரிசீவர் ‘பிசிஎம்’ (சுருக்கிக் கட்டாத சாதாரண டிஜிட்டல் ஒலி) இரண்டு தடம் என்று காட்டினால், குறை பெரும்பாலும் தொலைக்காட்சியின் அமைப்பில்தான் இருக்கும். அதன் ஒலி அமைப்புகளில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தால் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் ஒலிமுறைகளை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் பயனில்லை.

ஹால், ஸ்டேடியம் ஆகியவை தாமதித்த எதிரொலிகளைச் செயற்கையாகச் சேர்ப்பவை. நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரையும் வெறும் சுவர்களும் கான்கிரீட் கூரையும் சேர்ந்து ஏற்கெனவே எதிரொலியைத் தாராளமாகத் தருகின்றன. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால், அந்த அறைக்கு ஹால் முறை ஆகாது, வசனம் குழையும். பத்தமடைப் பாயை விரித்தால் போதுமா என்று முன்பு சிலர் கேட்டிருந்தார்கள். அழகான பாய்தான், ஆனால் ஒலியை உறிஞ்சுவதற்கு அது மிகவும் மெல்லியது. இரண்டாக மடித்த ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் அதைவிட நன்றாக உதவும்.

பின் ஸ்பீக்கர்களின் இடத்தையும் பாருங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி 5.1 அமைப்பில் அவை, திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் முன்திசையிலிருந்து இருபுறமும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது தோளுக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். பின்சுவர் மூலையில் கூரையை ஒட்டி மாட்டியிருந்தால் இறக்கிவிடுங்கள். இடம் மாற்றியபின் ரிசீவரோடு வந்த மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. ஸ்பீக்கர்கள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் வரும் இந்த நேர வேறுபாட்டைச் சரிசெய்வதற்கும்தான் அளவீடு.

கல்லிடைக்குறிச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுவரத்தை டால்பி சரவுண்டில் வைத்தால் நடு ஸ்பீக்கரில் மட்டுமே ஒலிக்கிறது. ரிசீவர் பழுதா?

பதில்: பழுது இல்லை. 1964இல் மறைந்த அந்த மேதையின் காலத்து இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும் மோனோ ஒலியில் அமைந்தவை. வலமும் இடமும் முற்றிலும் ஒன்றாக இருப்பதால், மேலே சொன்ன கணக்குப்படி டால்பி சரவுண்ட் அனைத்தையும் நடுவுக்கே அனுப்பிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த நடு ஸ்பீக்கர் முன் ஸ்பீக்கர்களைவிடச் சிறியது. அதில் நாகசுவரத்தின் வீச்சும் தவிலின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) ஒலியும் ஒடுங்கிப்போகும். ஸ்டீரியோவில் வையுங்கள், இரண்டு முன் ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், நெஞ்சுக்கு நேரே நாதம் எழும். டைரக்ட் முறையிலும் கேட்கலாம், ஆனால் பல ரிசீவர்களில் மைக் வைத்து அளந்த திருத்தம் அப்போது விலகிவிடுகிறது. எதிரொலிக்கும் அறையில் அந்தத் திருத்தம் இருப்பதே நல்லது என்பதால் ஸ்டீரியோவையே முதலில் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் வாசகி ஒருவரின் கேள்வி: பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக உள்ள வீடு எங்களுடையது. இரவில் ஒலியைக் குறைத்தால் வசனம் கேட்கவில்லை, கூட்டினால் சண்டைக் காட்சியில் சுவர் அதிர்கிறது. எந்த முறை உதவும்?

பதில்: ஒலிமுறையை மாற்ற வேண்டாம், அம்மா. ரிசீவரின் ஒலி அமைப்புகளில் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன்’ என்று இருப்பதை இயக்குங்கள். அது மிக உரத்த ஒலிகளைத் தணித்து, மெல்லிய ஒலிகளை ஓரளவு உயர்த்தும். அத்துடன் நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டி, சப்வூபரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலிகளைச் சுவர் எளிதில் தடுப்பதில்லை, அண்டை வீட்டாரை எழுப்புவது பெரும்பாலும் அவைதாம். சப்வூபர் பொதுச் சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். பகலில் படம் பார்க்கும்போது நைட் மோடை நிறுத்திவிட வேண்டும்.