வேதமும் அன்றாட வாழ்வும்: யாங்கோன் தமிழ்ச் சபையாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

வேதத்துக்கும் சபை வாழ்வுக்கும் உட்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். வழக்கு, வைத்தியம், விசா ஆகியவற்றுக்கு அவற்றை அறிந்தவர்களைக் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: ஒற்றை வசனத்தைத் துண்டாக வெட்டி அனுப்பி 'இது சரியா' என்று கேட்காதீர்கள். அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

சகோதரி, தன்லின்: எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பம் மகனுக்கு ஷின்பியூ, அதாவது சிறுவனை இளம் பிக்குவாக்கும் பௌத்தச் சடங்கு, நடத்துகிறது. தெருவுக்கே மோகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விருந்து. போய்ச் சாப்பிடலாமா? எங்கள் மூப்பர் 'அது பேய்களின் பந்தி' என்கிறார்.

போங்கள், சாப்பிடுங்கள். உங்கள் மூப்பர் 1 கொரிந்தியர் 10:21-ஐச் சொல்கிறார். அதற்கு ஆறு வசனங்கள் தள்ளி, விசுவாசியல்லாதவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்று அதே பவுல் எழுதுகிறார். பேய்களின் பந்தி என்று அவர் சொல்வது பலியில் பங்காளியாக உட்காருவதை. அண்டை வீட்டார் மகனுக்காக மகிழ்ந்து தெருவுக்கே சமைத்துப் போடுவது பலி அல்ல. பிக்குகள் ஓதும்போது பின்வரிசையில் மரியாதையாக உட்கார்ந்திருங்கள். வணங்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். வீட்டார் ஒரு தட்டைக் காட்டி 'இது புத்தர் முன் படைத்தது' என்று சொல்லிக் கொடுத்தால், நன்றி சொல்லி விலக்கிவிடுங்கள். சொன்னவருடைய மனச்சாட்சியின் பொருட்டு அப்படிச் செய்யச் சொல்கிறார் பவுல். இன்னொன்று, பௌத்தத்திலிருந்து அண்மையில் வந்த ஒரு சகோதரன் உங்கள் சபையில் இருந்து, நீங்கள் சாப்பிடுவதைக் கண்டு தடுமாறுவான் என்றால், அன்று சாப்பிடாதீர்கள். அதே நிருபத்தின் எட்டாம் அதிகாரம் முழுவதும் அவனுக்காகவே எழுதப்பட்டது. உங்கள் மூப்பர் அந்தச் சகோதரனை எண்ணித் தடுத்திருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

தம்பி, தாக்கேத்தா: சம்பளத்தில் தசமபாகம் கட்டாயமா? கடன் இருக்கிறது, அம்மாவுக்கு மருந்துச் செலவும் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பத்தில் ஒன்று என்ற அளவு எங்கும் விதிக்கப்படவில்லை. வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாக எடுத்து வையுங்கள் என்கிறது 1 கொரிந்தியர் 16. விசனமாகவும் அல்ல, கட்டாயமாகவும் அல்ல என்கிறது 2 கொரிந்தியர் 9. பழைய ஏற்பாட்டிலும், உபாகமம் 14-ஐ வாசித்தால், மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியனுக்கு மட்டுமல்லாமல் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சாப்பாடாகப் போனது. அம்மாவின் மருந்தை நிறுத்திவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நிரப்பாதீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு மாற்கு 7-ல் கண்டித்தார். கொஞ்சமானாலும் மகிழ்ச்சியோடு கொடுங்கள்.

ஐயா, பசுண்டவுங்: வாடகை வீட்டுத் தூணில் நட் (பர்மியர் வணங்கும் ஆவி) தேங்காய் சிவப்புத் துணி கட்டித் தொங்குகிறது. எடுத்து எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். வீடு உங்களுடையது அல்ல, தேங்காயும் உங்களுடையது அல்ல. வீட்டைக் காக்கும் ஆவி என்று நம்பப்படும் மகாகிரி நட்டுக்கென்று வீட்டுக்காரர் கட்டியது அது. 'நாங்கள் கிறிஸ்தவர்கள், இதைப் பராமரிக்கமாட்டோம், நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா' என்று அவரிடமே கேளுங்கள். மறுத்தால் அப்படியே இருக்கட்டும். நீங்கள் அதற்குத் தண்ணீர் வைக்கவும் வேண்டாம், அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். எபேசுவில் கலகம் எழுந்தபோது, இவர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று அந்த நகரத்து அதிகாரியே பவுலின் கூட்டாளிகளுக்காகச் சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19). நம்மைப் பற்றியும் இந்த ஊர் அப்படிச் சொல்ல வேண்டும்.

சகோதரி, தாம்வே: முகத்தில் தனக்கா (மரப்பட்டை அரைத்த சாந்து) பூசுவது, புற அலங்காரம் வேண்டாம் என்கிற 1 பேதுரு 3:3-க்கு விரோதமா?

இல்லை. வெயிலுக்குப் பூசுகிறீர்கள்.

தம்பி, பெகு: டூ-டி (இரண்டு இலக்கச் சூதாட்டம்) எண் கட்டுவது பாவமா? ஜெயித்தால் சபைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

தாய்லாந்துப் பங்குச் சந்தையின் கடைசி இலக்கங்களை வைத்து நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் அரிசிப் பணத்தை இழக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஜெயிக்கும் பணம் இன்னொரு தாயின் அடுப்பிலிருந்து வந்தது. சபைக்கு அது வேண்டாம். உழைத்துக் கொடுங்கள், எபேசியர் 4:28.

சகோதரர், மோல்மேன்: தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வரும் சம்பளத்திலா?

மேலே தாக்கேத்தா தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மாண்டலேயின் பகோடாக்கள் மேல் தேவன் அனுப்பிய தண்டனை என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். உண்மையா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு வேகிறது.

7.7 அளவில் மாண்டலேயும் சகாயிங்கும் ஆடிய அந்த வெள்ளிக்கிழமை பகோடாக்கள் மட்டும் விழவில்லை. தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் மசூதிகள் விழுந்தன. தேவாலயங்களும் சேதமடைந்தன. பிள்ளைகளும் மாண்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இதே கேள்வியை இயேசுவே எழுப்பினார். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விடப் பாவிகள் அல்ல என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார் (லூக்கா 13). பிறகு கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். அந்தப் பிரசங்கியார் இயேசு மறுத்ததைச் சொல்கிறார், இயேசு சொன்னதை விட்டுவிடுகிறார்.

அப்போஸ்தலர் 11-ன் கடைசி வசனங்களை அவருக்குக் காட்டுங்கள். பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி அறிவித்தபோது, யாருடைய பாவத்துக்காக என்று அந்தியோகியாவில் ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். இடிபாடுகளுக்கு அரிசியும் தார்ப்பாயும் சுமந்து போன நம் இளைஞர்கள் அந்தியோகியாவின் பிள்ளைகள்.

அம்மா, இன்செயின்: இராணுவச் சேவை அழைப்பு வந்தால் என் மகன் என்ன செய்ய வேண்டும்? ரோமர் 13 என்ன சொல்கிறது?

அம்மா, இதை எழுத்தில் பேசமாட்டேன். உங்கள் போதகரிடம் நேரில் போங்கள், மகனையும் அழைத்துப் போங்கள். ஜெபிக்கிறேன்.

சகோதரர், தன்லின்: மல்கியா 3:10-ன்படி தசமபாகம் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் அல்லவா? நீங்கள் சபையைக் கெடுக்கிறீர்கள்.

ஐந்து வசனங்கள் மேலே போங்கள். கூலிக்காரனின் கூலியைக் குறைப்பவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்கள், பரதேசியின் நியாயத்தைப் புரட்டுபவர்கள் ஆகியோருக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். முதல் இரண்டு அதிகாரங்களின் பெரும்பகுதி ஆசாரியர்களைக் கண்டிக்கிறது. 3:10-ஐ ஆண்டுதோறும் பிரசங்கிக்கிற சபை 3:5-ஐயும் பிரசங்கிக்கட்டும். அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

மூப்பர் ஒருவர், யாங்கோன்: எங்கள் சபையில் வாலிபர்கள் ஆராதனையைப் பர்மிய மொழிக்கு மாற்றக் கேட்கிறார்கள். தாத்தாக்கள் தமிழில் கட்டிய சபை இது. தமிழ் போனால் சபை போய்விடும். வேதம் யார் பக்கம்?

ஐயா, வேதம் வசனத்துக்குப் பட்டினி கிடப்பவன் பக்கம். 1 கொரிந்தியர் 14-ல், நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் செய்கிறாய், ஆனால் புரியாதவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் கேட்கிறார். உங்கள் வாலிபர்கள் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் பலருக்கு வாசிக்கத் தெரியாது. அதை அவர்கள் குற்றமாக்காதீர்கள். 1960-களில் பள்ளிகள் அரசுடைமையானபோது, லட்சக்கணக்கான நம்மவர் கப்பலேறியபோது, தமிழ் எழுத்து நம் வீடுகளிலிருந்து பறிபோனது.

(இதற்கு ஒரு சகோதரரின் மறுப்பு: அப்படியானால் தமிழை விட்டுவிடச் சொல்கிறீர்களா? நீங்கள் தமிழனா?)

விடச் சொல்லவில்லை. கீர்த்தனையில்தான் நான் அழக் கற்றேன், சாகும்போதும் அதையே கேட்க விரும்புகிறேன். ஆனால் இரண்டு மொழிகளின் வேதாகமமும் நமக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முடிந்தது. 1813-ல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) இறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். சிறையிருந்து மீண்டு, 1834-ல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். இருவரும் அடுத்தவர் மொழிக்குள் இறங்கினார்கள். நம் பேரப்பிள்ளைகளின் மொழிக்குள் நாம் இறங்கமாட்டோம் என்பது எப்படி நியாயம்?

(வாலிபர் ஒருவர்: அப்படியென்றால் எங்களுக்குத் தனி ஆராதனை கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் தமிழில் நடத்திக்கொள்ளட்டும்.)

அதுவும் வேண்டாம் தம்பி. அப்போஸ்தலர் 6-ஐ வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை இரண்டாகப் பிரியவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எருசலேமில் பெரும்பான்மையான எபிரெயர்கள், குறை சொன்ன தரப்பார் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றே நான் அதை வாசிக்கிறேன். இரண்டு வசனங்கள் தள்ளி, தேவவசனம் விருத்தியடைந்தது என்று வருகிறது.

எனவே மூப்பர் ஐயாவுக்கு என் பதில் இது. ஆராதனை ஒழுங்கை வகுக்கும் குழுவில் வாலிபர்களையே பெரும்பான்மையாக வையுங்கள். வேதபாடம் இரு மொழியிலும், பிரசங்கம் ஒரு வாரம் தமிழிலும் மறுவாரம் பர்மியத்திலும் இருக்கட்டும். மற்ற மொழியில் சுருக்கம் சொல்லுங்கள். கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் ஒலிபெயர்த்து அச்சிட்டால் பிள்ளைகள் பாடுவார்கள். திருவிருந்தை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். வாலிபர்களுக்கும் ஒரு கடமை உண்டு: கோடை விடுமுறையில் பெரியவர்களிடம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படியுங்கள். பெரியவர்கள் கற்றுக்கொடுக்க மறுத்தால், தமிழுக்காகப் போராடுவதாக அவர்கள் சொல்ல முடியாது.

(மறுத்த சகோதரரே மீண்டும்: பெரும்பான்மையை வாலிபர் கையில் கொடுத்தால் முதல் மாதத்திலேயே தமிழை எடுத்துவிடுவார்கள்.)

அந்தப் பயம் எருசலேமில் எபிரெயர்களுக்கும் வந்திருக்கலாம். ஆனாலும் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகளை நீங்கள்தானே வளர்த்தீர்கள், நம்புங்கள்.

சகோதரி, மாண்டலே: போதகருக்குக் கார் வாங்கத் தசமபாகத்தை...

தசமபாகம் பற்றி இனிப் பதில் இல்லை. கணக்கைச் சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.

தங்கை, தாம்வே: மொழிச் சண்டையை வாசித்தேன். வருகிற ஞாயிறு என்னை வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தமிழ் வாசிக்க வராது. மறுத்துவிடட்டுமா?

மறுக்காதே அம்மா. பர்மியத்தில் வாசி. அதே பகுதியைத் தமிழில் வாசிக்க ஒரு பாட்டியை நீயே போய்க் கேள். நெகேமியா 8-ல் லேவியர் வாசித்து அர்த்தமும் சொன்னதால் ஜனங்கள் புரிந்துகொண்டு அழுதார்கள், பிறகு மகிழ்ந்து சாப்பிட்டார்கள். எந்தப் பகுதி என்று வியாழக்கிழமைக்குள் போதகரிடம் கேட்டுவிடு, பாட்டிக்கும் சொல்லிவிடு. அவருக்குப் பெரிய எழுத்து வேதாகமம் தேவைப்படும்.