அப்பாவின் மருந்துக் கொப்பி

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மார்கழியில் என் அப்பா ஈரல் புற்றுநோயால் காலமானார். இனிச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை என்று சொல்லி வைத்தியர்கள் துண்டு வெட்டி அனுப்பிய பிறகு, கடைசி ஏழு கிழமைகள் அவரைச் சுன்னாகத்தில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். நோய்தணிப்புப் பராமரிப்பில், அதாவது நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பில், பயிற்சி பெற்ற தாதி ஒருவர் கிழமைக்கு இரண்டு முறை வந்தார். கடும் வலிக்கான மருந்தாகிய மோர்பின் கொடுக்கும் நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க என்னைப் பழக்கினார். அப்பா நோவில்லாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடியே போனார். கனடாவில் இருக்கும் அண்ணாவோ, "கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கலாம், நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள்" என்கிறார். எனக்கு அந்த ஏழு கிழமைகளை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. அப்படி ஆறுதல் கொள்வது பாவமா?

இப்படிக்கு,
பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாவமில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் அண்ணாவுக்கு அநியாயம் செய்தவனாவேன், ஏனென்றால் அவர் சொன்ன சொல்லை நானும் ஒரு காலத்தில் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தவன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைக்குப் புற்றுநோய் என்றால் கொழும்புக்கு அருகே மகரகமையில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைதான். 2006 ஆவணியில், போர்க்காலத்தில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் தரைவழியான ஏ9 பாதை பூட்டப்பட்ட பின்னர், குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதியும் வேண்டும், கப்பலிலோ விமானத்திலோ இடமும் வேண்டும் என்ற நிலை வந்தபோது, கொழும்புக்குப் போய்ச் சேர்வதே சிகிச்சை என்று நாங்கள் நம்பத் தொடங்கினோம். என் அம்மாவுக்கு நோய் எலும்புக்குப் பரவியது அந்தக் காலத்தில்தான். அவர் வலியில் முனகிக் கிடந்த நாட்களில் பெரும்பகுதியை நான் அனுமதிக்கான வரிசையில் கழித்தேன். அனுமதி கிடைத்தபோது அவர் இல்லை. வீட்டில் இருந்தது பனடோல் மட்டும். பயணத்துக்காக ஓடிய நான், வலிக்கு என்ன செய்யலாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. 2011இல் தீவின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்ட பிறகும், "இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கலாமே" என்ற அந்தப் பழைய பதைப்பு எங்களை விட்டுப் போகவில்லை. உங்கள் அண்ணாவின் குரலில் நான் கேட்பது அதைத்தான்.

தாதியாகவும் பின்னர் சமூகப் பணியாளராகவும் வேலை செய்து, அதன் பிறகே மருத்துவம் படித்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967இல் இலண்டனில் இறக்கும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வலி திரும்பத் தலைதூக்கும் முன்னரே மணி பார்த்துக் கொடுப்பதுதான் முறை என்று அவர் வற்புறுத்தினார். உங்கள் கொப்பியின் வேர் அங்கே இருக்கிறது. இறப்பவருடைய வலி உடம்போடு முடிவதில்லை, மனமும் குடும்பமும் கடவுள் பற்றிய கேள்விகளும் அதில் சேர்ந்தே நோகின்றன என்பதும் அவர் சொன்னதுதான். ஆகவே அந்தத் தாதி உங்கள் வீட்டுக்கு வந்தது அப்பாவுக்காக மட்டுமல்ல.

கைவிடுதல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்தணிப்புப் பராமரிப்பும் கொடுத்தார்கள். அவர்களுடைய மனச்சோர்வு குறைந்திருந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்திருந்தன, அப்படியிருந்தும் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 8.9 மாதங்களுக்குப் பதிலாக 11.6 மாதங்களாக இருந்தது. இதை உங்கள் அப்பாவின் நோய்க்கு அப்படியே பொருத்த மாட்டேன். வலியைத் தணிப்பது ஆயுளைக் குறைப்பதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது சரியல்ல என்று மட்டும் சொல்வேன். அளவறிந்து படிப்படியாகக் கொடுக்கப்படும் மோர்பினும் மரணத்தை அவசரப்படுத்துவதில்லை.

நோயாளி பார்க்க வருகிறவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, "சாப்பிடுறாரோ? சேலைன் ஏத்தேல்லையோ?" என்று வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிடுவார்கள். அன்பில் கேட்பதுதான், ஆனாலும் கேட்கப்படுகிற மகளுக்கு அது குற்றப்பத்திரிகை. முடிவு நெருங்கும்போது உடம்பு உணவைக் கேட்பதில்லை, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், ஏற்றுகிற நீர் பல சமயம் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் சேரும், உதட்டையும் நாக்கையும் ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பதே போதும் என்று தெரிந்த ஒருவர் சொல்லித் தரும்போது, அந்தக் குற்றப்பத்திரிகை கிழிந்துவிடுகிறது. மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரப்புக் கேட்கும், அது அவருக்கு நோவல்ல என்று முன்னரே அறிந்திருந்த வீட்டில், அந்த இரவில் யாரும் வாகனம் தேடி ஓடுவதில்லை. அம்மாவின் கை அப்பாவின் கையில் இருக்க முடிந்தது அதனால்தான். வைத்தியசாலைக்குக் கொண்டோடும் வழியில் பெற்றோரை இழந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் இன்னமும் அந்த வாகனத்திலேயே இருக்கிறார்கள்.

இதை இலகுவான காரியம் என்று சொல்லவும் நான் துணியவில்லை. இரவில் கண்விழிப்பதும் படுக்கை மாற்றுவதும் எங்கள் வீடுகளில் மகள்மார் மீதும் மருமகள்மார் மீதுமே விழுகின்றன, தீர்ப்பு மட்டும் தொலைபேசியில் வருகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அண்ணா வீடியோவில் கண்டது மெலிந்துபோன ஒரு முகத்தை மட்டுமே. மருந்து வேலை செய்ததையோ, அப்பா நிம்மதியாகத் தூங்கிய இரவுகளையோ அவர் காணவில்லை. உங்களுக்குக் கிடைத்த ஏழு கிழமைகள் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவரோடு வாதாட வேண்டாம். அந்தத் தாதி சம்மதித்தால் ஒரு நாள் அண்ணாவோடு பேசச் சொல்லுங்கள், இழந்தவர்களோடு பேசுவதும் அத்தகைய தாதிமாருடைய பணியில் அடக்கம். ஆட்டைத் திவசத்துக்கு அண்ணா வருவாராயின், அந்தக் கொப்பியை அவரிடம் கொடுங்கள். வராவிட்டால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள், நள்ளிரவு இரண்டு மணிக்கு நீங்கள் எழுதிய பக்கங்களையும் விடாமல்.

அன்புடன்.